காலேஜ் சீட்டுக்கான கணக்கு ஆறாம் வகுப்புலயே ஆரம்பிக்குது!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு காலேஜ் பத்தி யோசிச்சா போதும்னு பல வீடுகள்ல நினைக்கிறாங்க. ஆனா தமிழ்நாட்டுல சில முக்கியமான சலுகைகளுக்கான தகுதி, ஆறாம் வகுப்பு அட்மிஷன் போடும்போதே முடிவாக ஆரம்பிச்சிடுது. உங்க தம்பியோ தங்கையோ ஆறு, ஏழு, எட்டு படிக்கிறாங்கன்னா, இதைப் படிச்சிட்டு வீட்டுலயும் சொல்லிடுங்க.

7.5% உள் ஒதுக்கீடு

2020-ல் மருத்துவப் படிப்புகளுக்கு வந்த இந்த ஒதுக்கீடு, 2021-ல் இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும் என்பதுதான் நிபந்தனை. அரசு உதவிபெறும் பள்ளி இதுல சேராது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படிச்சிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மத்தவங்க, `ஏழாவது மட்டும் பிரைவேட் ஸ்கூல்ல படிக்கட்டும்'னு மாத்தினா, அந்த ஒரு வருஷத்தாலயே தகுதி போயிடும். இந்த ஒதுக்கீடு இருந்தாலும் எம்.பி.பி.எஸ்-க்கு நீட் தேர்ச்சி கட்டாயம்.

மாதம் 1,000 ரூபாய்

மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டம் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024). காலேஜ் படிக்கிற காலத்துல மாசம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். இதுக்கும் 6 முதல் 12 வரையிலான படிப்பைத்தான் பார்ப்பாங்க. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிச்சவங்களுக்கும் இது உண்டு.

எட்டாம் வகுப்புல ஒரு தேர்வு

என்.எம்.எம்.எஸ் தேர்வை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்கணும். ஏழாம் வகுப்புல 55% மதிப்பெண் வேணும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 50%. மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேர்வானா 9 முதல் 12 வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000 ரூபாய் கிடைக்கும். பள்ளி மூலமாத்தான் விண்ணப்பிக்கணும். அதனால, தலைமையாசிரியர்கிட்ட இப்பவே கேட்டு வைங்க.

இப்பவே செய்ய வேண்டியவை

* ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு மூணுலயும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க.

* பள்ளி மாறினா டி.சி. ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்து வைங்க. எந்த வகுப்பு, எந்தப் பள்ளின்னு பின்னாடி காட்ட வேண்டியிருக்கும்.

* பின்னம், சதவிகிதம், அடிப்படை இயற்கணிதம் மூணையும் எட்டாவதுக்குள்ள சரி பண்ணிடுங்க. ப்ளஸ் ஒன் கணக்கு, பிசிக்ஸ் ரெண்டும் இதுமேலதான் நிக்குது.

தனியார் பள்ளிக்கு மாத்துறது தப்பில்லை. ஆனா மாத்துறதுக்கு முன்னாடி, எதை விட்டுக்கொடுக்கிறோம்னு தெரிஞ்சு முடிவெடுங்க. விதிகள் மாறலாம் என்பதால், விண்ணப்பிக்கிற வருஷத்தோட அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துடுங்க.