காட்டுத் தக்காளியின் கொடை

தில்லிச் சந்தையில் நாம் டமாட்டர் என்று கேட்டு வாங்கும் தக்காளிக்குத் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. அங்கிருந்து மெக்சிகோவுக்கும், பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் சென்ற நெடுவழியில் சில விதைகளின் வழித்தோன்றல்களே எஞ்சின. பழம் பருத்தது, பரம்பரை வேறுபாடோ குறுகிற்று. வேறுபாடு இல்லாதவிடத்துத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

அதனைக் காட்டினங்களில் தேடியவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துச் சார்லஸ் ரிக் (1915–2002). கலாபகஸ் தீவுகளின் காட்டுத் தக்காளி விதைகள் அவரிடம் எளிதில் முளைக்கவில்லை. பழத்தை அத்தீவுப் பேராமைக்கு ஊட்டினர். அதன் குடலைக் கடந்து வந்த விதைகள் முளைத்தன! 1961-இல் வெளியான இச்செய்தி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அத்தீவுச் செடியின் பழக்காம்பில் கணு இல்லை. அப்பண்பை ஏற்ற பயிரில் பழம் காம்பை விட்டுத் தனியே கழன்று வந்தது; இயந்திர அறுவடைக்கு அது பேருதவியாயிற்று.

விளைச்சலின் கதை இன்னும் வியப்பானது. பெரு நாட்டு வறண்ட நிலத்தில் வளரும் பென்னெல்லி இனத்தின் பழம் மிகச் சிறியது. பழுத்தாலும் பச்சை நிறம் மாறாது. அதனை விலைக்கு வாங்குவார் எவருமிலர். இஸ்ரேலில் டானி சமீரும் அவர்தம் குழுவினரும் அதன் மரபுத்தொகுதியைத் துண்டு துண்டாகப் பயிர்த்தக்காளியுள் புகுத்தி ஆராய்ந்தனர். அவற்றுள் விளைச்சலைக் கூட்டும் மூன்று துண்டுகளை ஒரே செடியில் சேர்த்ததும், ஒப்பீட்டுச் செடியைவிட 50 சதவீதத்துக்கும் மேலாக விளைச்சல் உயர்ந்ததை 2004-இல் அறிவித்தனர். வழக்கமான பாசனத்தில் 10 சதவீத நீரே பெற்ற வயலிலும் அவ்வுயர்வு காணப்பட்டது.