டயருக்கும் வயதாகும்

நம் பேஸ்மென்ட்டில் நிற்கும் கார்களில் பல, வாரத்துக்கு ஒரு முறைகூட வெளியே போவதில்லை. டாக்டர், கோயில், உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று எப்போதாவது எடுக்கிறோம். "அதிகம் ஓடாத வண்டிதானே, டயர் புதுசு மாதிரி இருக்கிறதே" என்று அதே காரில் திருச்சிக்கோ திருப்பதிக்கோ கிளம்பிவிடுகிறோம். ஆனால் ஓடாமல் நின்றாலும் டயர் கெடும். டயரின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் இது விளங்கும்.

மரத்தில் வடியும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப் போகும். 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டுபிடித்தார். பழைய பஞ்சர் கடைப் பலகைகளில் 'வல்கனைசிங்' என்று பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல் இந்த முறையின் பெயர்தான். குட்இயர் 1860-இல் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயர் தாங்கிய கம்பெனி 1898-இல் வேறு ஒருவர் தொடங்கியது.

காற்றடைத்த டயருக்கு 1845-இலேயே ஸ்காட்லாந்தின் ராபர்ட் தாம்சன் காப்புரிமை பெற்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடக் காற்றுக் குழாய் பொருத்தி, 1888-இல் மறுபடியும் காப்புரிமை வாங்கினார். முந்தையது இருந்ததால் அது பின்னர் செல்லாமல் போனது. அக்கால டயர்கள் வெளிர் நிறம். தேய்மானத்தைக் குறைக்கக் கார்பன் கரி சேர்த்த பிறகே கறுப்பாயின.

அன்றைய கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெத்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் அதற்கு வழி கண்டார்கள். அவர்களின் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. உலகின் பெரும்பகுதி அந்தப் பெயரை மறந்துவிட்டது. நாம் இன்றும் 'ஸ்டெப்னி' என்கிறோம்.

1946-இல் மிஷலின் கம்பெனி ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. டயரின் பக்கவாட்டில் அளவோடு வரும் 'ஆர்' என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. அதே ஆண்டு சென்னைத் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் ட்ரெட் ரப்பருக்கு மாறினார். அதுவே இன்றைய எம்.ஆர்.எஃப். தேய்ந்த டயருக்குப் புதிய ட்ரெட் ஒட்டி ஓட்டிய காலம் அது. தேய்மானம் ஒன்றுதான் டயரின் குறை என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 2000-இல் உடைந்தது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்களில் உள் அடுக்குகள் பிரிந்து, ஓடும்போதே ட்ரெட் உரிந்து வந்தது. 270-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. தயாரிப்புக் குறைகளோடு வெப்பமும் காற்றுக் குறைவும் சேர்ந்துகொண்டன. வெயில் மிகுந்த தென் மாநிலங்களில்தான் விபத்துகள் அதிகம். புதிய கார்களில் காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு, இதையடுத்து வந்த சட்டத்தால்தான் அங்கே கட்டாயமானது.

இனி நம் காருக்கு வருவோம். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல இறுக்கி வெடிப்பு விடச் செய்யும். இதைத் தடுக்க ரப்பரில் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளிந்தால்தான் அது மேற்பரப்புக்குக் கசிந்து வரும். நின்றே இருக்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு.

நீங்கள் பார்க்க வேண்டியவை:

• பக்கவாட்டில் நான்கு இலக்க எண். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. வைப்புநிதி ரசீது போல முதிர்வுத் தேதி இதில் இருக்காது. நாம்தான் கணக்குப் போட வேண்டும். பல கார் கம்பெனிகள் 6 ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகள் சில, 5 ஆண்டுக்குப் பின் வருடாந்திரச் சோதனையும், அதிகபட்சம் 10 ஆண்டும் என்கின்றன.

• ட்ரெட் பள்ளத்தில் சிறு மேடுகள் இருக்கும். ட்ரெட் அவற்றுக்குச் சமமாகத் தேய்ந்தால் மீதி ஆழம் 1.6 மி.மீ. தான். உடனே மாற்றுங்கள்.

• நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் வீல் அலைன்மென்ட் சரியில்லை.

• பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது.

• காற்றை டயர் சூடாகும் முன், டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவுப்படி பிடியுங்கள்.

ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள். டிக்கியில் இருட்டில் கிடந்தாலும் அதற்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அடுத்த வெளியூர்ப் பயணத்துக்கு முன் ஐந்து டயர்களின் எண்களையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.