மூக்கில் வடிந்த ரத்தமும் நீர் மருந்தும்

பந்தயக் குதிரைக்கு நீர் பிரியச் செய்யும் மருந்தைக் கொடுக்கும் வழக்கத்துக்குக் காரணம் அதன் நுரையீரலில் கசியும் ரத்தம். இந்தக் கசிவு மிகப் பழையது. 1758இல் இங்கிலாந்தில் பிறந்த ஹெராட் என்ற புகழ்பெற்ற குதிரை, ஓட்டத்தின் நடுவே ரத்தக்குழாய் வெடித்துத் தோற்றதாகப் பதிவு உண்டு. இன்று உலகில் ஓடும் தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகளில் ஹெராடின் வழி கலக்காதது அநேகமாக இல்லை. சென்னை கிண்டியில் ஓடியவையும் அதே இனம்தான்.

ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும் குதிரையின் இதயம், முழு வேகத்தில் 200ஐத் தாண்டித் துடிக்கிறது. நுரையீரலுக்குப் போகும் குழாயில் ரத்த அழுத்தம் நான்கு மடங்காக ஏறுகிறது. காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் நுண்குழாய்ச் சுவரோ ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாதது. அது கிழிந்து ரத்தம் மூச்சுப்பாதையில் இறங்குகிறது. அந்த ரத்தம் மூக்குவரை வருவது சில குதிரைகளுக்கு மட்டுமே. அதனால் இது அபூர்வ நோய் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1970களில் வளையும் எண்டோஸ்கோப் குழாயைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தபோதுதான், ஓடி முடித்த குதிரைகளில் ஏறக்குறையப் பாதிக்கு உள்ளே ரத்தம் இருப்பது தெரிந்தது.

மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனம் உருவாக்கிய ஃப்யூரோசமைடு, 1960களில் லேசிக்ஸ் என்ற பெயரில் மனிதர்களுக்காக விற்பனைக்கு வந்தது. கால் வீங்கிய முதியவர்களுக்கும் இதயம் தளர்ந்தவர்களுக்கும் கொடுக்கும் அதே ‘நீர் மாத்திரை’. டாக்டர் சீட்டு இருந்தால் எந்த மருந்துக்கடையிலும் வாங்கலாம். சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சாமல் இது தடுக்கிறது. உப்போடு நீரும் வெளியேறுகிறது. ரத்தத்தின் அளவு குறைவதால் நுரையீரலில் அழுத்தமும் தணிகிறது. குதிரைக்குப் பந்தயத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு ரத்தக்குழாயில் ஊசியாகப் போடுவார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஊசி போட்ட குதிரை பத்து லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, ஏறத்தாழ அதே அளவு கிலோ எடை குறைந்து ஓடுகிறது. குதிரைகளைச் சமப்படுத்த அரை கிலோ கணக்கில் முதுகுச் சுமையைக் கூட்டிக் குறைக்கும் விளையாட்டில் பத்து கிலோ என்பது சிறிய சலுகை அல்ல. நீர்த்த சிறுநீரில் வேறு ஊக்கமருந்தின் தடயம் மறையும் என்ற அச்சமும் இருந்தது. பழைய சோதனை முறைகளுக்கு அது நியாயமான அச்சம்.

அமெரிக்க மாநிலங்கள் 1970களிலிருந்து ஒவ்வொன்றாக இதை அனுமதித்தன. கடைசியாக 1995இல் நியூயார்க்கும் இணைந்தது. ரத்தம் கசியும் குதிரைக்கு என்று வந்த மருந்து, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குதிரைகளுக்கு வழக்கமாகிவிட்டது. மருந்து பயனற்றது என்று சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவில் 167 குதிரைகளை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வு, அது கசிவைத் தெளிவாகக் குறைப்பதைக் காட்டியது. ஆனாலும் 2020ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயங்களிலும் உயர்தரப் பந்தயங்களிலும் பந்தய நாள் ஊசியை நிறுத்தும் வழியை எடுத்தது. 2021இல் கென்டக்கி டெர்பி பந்தயம் லேசிக்ஸ் இல்லாமல் நடந்தது.

இந்தியா அந்தச் சுற்றுவழியில் போகவே இல்லை. பந்தய நாளில் குதிரையின் உடலில் மருந்து இருக்கக் கூடாது என்பதே இங்குள்ள விதி. சிறுநீர் மண்டலத்தில் வேலை செய்யும் பொருட்கள் சர்வதேசத் தடைப்பட்டியலிலேயே உள்ளன. ஓட்டத்துக்குப் பின் எடுக்கும் மாதிரியில் ஃப்யூரோசமைடு தெரிந்தால் குதிரை தகுதி இழக்கும். மூக்கில் ரத்தம் கண்ட குதிரையைப் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் அறிக்கையில் குறித்து, ஓட்டத்திலிருந்து விலக்கி வைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் இது இன்னும் கடுமை: முதல்முறை மூன்று மாத விலக்கு, மறுமுறை வாழ்நாள் தடை. மருந்தால் மறைக்காமல் ஓய்வு கொடுப்பதே குதிரைக்குச் செய்யும் நீதி. ரத்தம் கசியும் உடல் தன் எல்லையைச் சொல்கிறது. அதை அடக்கி ஓடவைத்தால், அதே பலவீனம் இனப்பெருக்கத்தில் அடுத்த தலைமுறைக்கும் போகும் என்ற கவலையில் பொருள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த விதிக்கு இன்னொரு கனமும் உண்டு. கிண்டியில் 1777 முதல் பந்தயம் நடந்துவந்தது. 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது. கோடைப் பருவப் பந்தயம் ஊட்டியில் நடந்தது. ஏழைகளின் கூலி அங்கே கரைவதைக் கண்ட மாநில அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கிளப் வழக்காடியது. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. குதிரையின் பயிற்சி, வம்சம், சுமக்கும் எடை, ஜாக்கியின் கைத்திறன் ஆகியவற்றைக் கணித்தே பந்தயம் கட்டப்படுகிறது என்ற வாதம் ஏற்கப்பட்டது. பத்து கிலோவைச் சத்தமின்றிக் குறைக்கும் ஓர் ஊசி லாயத்துக்குள் புகுந்தால், அந்தக் கணிப்புக்கு இடமே இல்லாமல் போகும்.