பளபளப்புக்கு அடியில் கொஞ்சம் சரித்திரம்

பழைய மோட்டார் சைக்கிளைத் தேத்தி எடுக்கிறவங்ககிட்ட போய், "எதுல செலவும் தலைவலியும் அதிகம்?"னு கேட்டுப் பாருங்க. இன்ஜின்னு சொல்வாங்கன்னு நினைப்பீங்க. இல்லை. பத்துல ஏழு பேர் குரோம்னுதான் சொல்வாங்க. போரிங் போட, கிராங்க் சரிபண்ண, கார்புரேட்டர் சுத்தம் பண்ண ஊருக்கு ஊர் ஆள் இருக்கு. பெயின்ட் அடிக்கவும் ஆள் கிடைச்சுடும். ஆனா அம்பது வருஷத் துருவை எடுத்துட்டு, அந்தக் காலத்து மினுமினுப்பைத் திருப்பிக் கொண்டு வர்ற பட்டறைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். வருஷா வருஷம் இன்னும் குறையுது. ஏன் குறையுதுங்கறதுக்குத்தான் இவ்வளவு பெரிய கதை.

என்கிட்ட இருக்கிறது மைசூர் ஜாவா. 1960கள்ல வந்த வண்டி. செக் நாட்டு 353 மாடலை அடிப்படையா வெச்சு ஐடியல் ஜாவா கம்பெனி 1961 வாக்கில் மைசூர்ல தயாரிக்க ஆரம்பிச்சது. (ஜாவாங்கிறது இந்தோனேசியத் தீவு இல்லைங்க. யானெச்செக்னு ஒருத்தர் 1929ல ஜெர்மன் வாண்டரர் கம்பெனியோட பைக் உரிமையை வாங்கினார். ரெண்டு பேரோட முதல் எழுத்துகளைச் சேர்த்து வெச்ச பெயர்.) பிற்பாடு யெஸ்டின்னு பெயர் மாறி, 1996ல தொழிற்சாலையே மூடியாச்சு. 2018ல வேறொரு கம்பெனி ஜாவா பெயரைத் திருப்பிக் கொண்டு வந்தது, அது தனிக் கதை.

இந்த வண்டியோட அழகே குரோம்தான். டேங்கோட ரெண்டு பக்கமும் குரோம், மேலே மெரூன் பெயின்ட், நடுவுல தங்கக் கோடு. ஒரே சிலிண்டருக்கு ரெண்டு சைலன்ஸர், அதுவும் குரோம். ரிம், ஹேண்டில்பார், ஹெட்லைட் வளையம், கிக்கரும் கியரும் ஒண்ணா இருக்கிற அந்தப் புகழ்பெற்ற லீவர், எல்லாமே குரோம். அதனால ஜாவாக்காரனுக்குக் குரோம் பட்டறையைத் தவிர்க்கவே முடியாது.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தக் குரோம் எங்கேருந்து வந்தது?

1797ல வாக்லான்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் சைபீரியாவிலிருந்து வந்த சிவப்பு ஈயத் தாதுவை ஆராய்ஞ்சப்போ புதுசா ஒரு தனிமம் இருக்குன்னு கண்டுபிடிச்சார். அதோட உப்புகள் மஞ்சள், பச்சை, சிவப்புன்னு விதவிதமா நிறம் காட்டினதால, கிரேக்கத்துல நிறம்னு பொருள்படும் குரோமாங்கிற சொல்லிலிருந்து பெயர். மரகதத்தோட பச்சைக்கும் மாணிக்கத்தோட சிவப்புக்கும் இதுதான் காரணம். ஆனா உலோகமா இதை வெச்சு என்ன பண்றதுன்னு நூறு வருஷத்துக்கும் மேல யாருக்கும் சரியா தெரியலை. சாயத்துக்கும் தோல் பதனிடவும்தான் போச்சு.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். சீனாவில 1974ல கிடைச்ச களிமண் படைவீரர்களோட வாள்களுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குரோம் பூசியிருந்தாங்கன்னு ஒரு கதை ஃபார்வர்டு மெயில்ல எல்லாம் சுத்தி வந்தது, ஞாபகம் இருக்கா? 2019ல வந்த ஆராய்ச்சி அதைக் காலி பண்ணிடுச்சு. பக்கத்துல இருந்த அரக்கு மாதிரியான பூச்சிலிருந்து ஒட்டின குரோமியம்தானாம் அது. முலாமெல்லாம் இல்லை.

மின்சாரத்தால முலாம் பூசறது வியாபாரமா ஆனது 1840ல, இங்கிலாந்தோட பர்மிங்ஹாம்ல. எல்கிங்டன் குடும்பம் தங்கமும் வெள்ளியும் பூசினாங்க. அப்புறம் 1869ல அமெரிக்காவில ஐசக் ஆடம்ஸ் நிக்கல் பூச்சுக்குப் பேடன்ட் வாங்கினார். அந்தக் காலத்து சைக்கிள், முதல் தலைமுறை மோட்டார் சைக்கிள் எல்லாம் மினுங்கினது நிக்கலால. லேசா மஞ்சள் கலந்த, வெதுவெதுப்பான ஒரு வெள்ளை. அந்தக் காலத்து பிரஃப் சுப்பீரியரோட டேங்க் நிக்கல்தான். அதுல ஒரு தொல்லை, நாளாக நாளாக மங்கும். தினமும் துடைக்கணும்.

குரோமை ஒழுங்கா பூச வெச்சது 1920கள்தான். சார்ஜென்ட்டுங்கிறவர் 1920ல வெளியிட்ட ஆராய்ச்சி, அதுக்கப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில ஃபிங்க் செஞ்ச வேலை. ரகசியம் ரொம்ப எளிமையானது. குரோமிக் அமிலத்துல கொஞ்சூண்டு சல்பேட் வேணும். நூறுக்கு ஒண்ணு. ஒரு லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம்னா 2.5 கிராம் கந்தக அமிலம். இந்த விகிதம் ரொம்பத் தவறினா குரோம் சரியா ஏறாது. நூறு வருஷம் ஆகியும் பட்டறைத் தொட்டிகள்ல பெரும்பாலும் இதே கணக்குதான்.

1920களோட கடைசியில கார்களும் பைக்குகளும் நிக்கலிலிருந்து குரோமுக்கு மாறிடுச்சு. அதனால 1925 வண்டிக்கு நீலம் கலந்த பளிச் குரோம் போட்டு வெச்சிருந்தா, கண்காட்சியில விஷயம் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. அதைவிடக் கொடுமை, ரெண்டாம் உலகப்போர் மிலிட்டரி வண்டிகளுக்குக் குரோம் போடறது. பி.எஸ்.ஏ. எம்20 மாதிரி வண்டிகள் தலை முதல் கால் வரைக்கும் பெயின்ட்தான். மினுக்கினா எதிரி கண்ணுல படுமே! போர் முடிஞ்சு கழிச்சுக் கட்டினதை வாங்கின நம்மாட்கள் சில பேர் அதுக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணி வெச்சிருக்காங்க. அவங்க வண்டி, அவங்க இஷ்டம். ஆனா அதைத் தேத்தறதுன்னு சொல்ல என் வாய் வராது.

இன்னொரு விஷயம். நாம குரோம்னு பார்க்கிற பளபளப்பு பெரும்பாலும் குரோமே இல்லை. அடியில இருக்கிற நிக்கல்தான். குரோம் படலம் கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான் வரைக்கும்தான். ரெண்டாயிரம் படலத்தை அடுக்கினாக்கூட ஒரு மில்லிமீட்டருக்கு மேல போகாது. நிக்கல் மங்காம காவல் காக்கிறதும், அந்த நீலச் சாயலைக் கொடுக்கறதும்தான் குரோமோட வேலை. துருவைத் தடுக்கிறது கீழே பத்து இருபது மைக்ரான் கனத்துல இருக்கிற நிக்கல். அதைக் குறைச்சா என்ன ஆகும்? அதுக்குச் சரித்திரத்துலயே சாட்சி இருக்கு. 1950ல கொரியப் போர் ஆரம்பிச்சதும் நிக்கல் ராணுவத்துக்குப் போயிடுச்சு. அமெரிக்கக் கார்கள்ல செம்பு மேல நேரா குரோம் பூசி, அதுக்கு மேல லாக்கர் அடிச்சு விட்டாங்க. கொஞ்ச நாள்லயே துரு. பிரிட்டிஷ் பைக் கம்பெனிகள் அந்த ஒண்ணு ரெண்டு வருஷம் குரோம் வர வேண்டிய பல இடங்கள்ல பெயின்ட் அடிச்சு ஒப்பேத்தினாங்க. அதனால 1952 பிரிட்டிஷ் வண்டியில குரோமைக் குறைச்சலா பார்த்தா, யாரோ ஏமாத்திட்டாங்கன்னு அவசரப்படாதீங்க.

இப்போ பட்டறைக்கு வருவோம். நான் போறது ஒரு பழைய பட்டறை. நடத்துறவருக்கு அறுபது தாண்டியாச்சு. அவருக்கு நான் தம்பி, எனக்கு அவர் அண்ணே. முதல் தடவை சைலன்ஸரைத் தூக்கிட்டுப் போனப்போ கையிலயே வாங்கலை.

"உள்ளே கரி இருக்கா தம்பி?"

"கொஞ்சம் இருக்கும்ணே. டூ ஸ்ட்ரோக் ஆச்சே."

"அப்ப அதைக் காஸ்டிக் சோடாவுல ஊற வெச்சு, மொத்தமா எடுத்துட்டு வாங்க. ஆயில் தொட்டிக்குள்ள இறங்கிச்சுன்னா என் நிக்கல் அத்தனையும் பாழ்."

நியாயமான பேச்சு. டேங்குக்கும் அதே மாதிரிதான். முன்னாடி யாராவது ஈயம் வெச்சோ, பட்டி வெச்சோ அடைச்சிருந்தா அமிலத்துல அது தாங்காது. ஓட்டையைப் பித்தளை வெச்சுப் பத்தி, தண்ணி ஊத்திச் சோதிச்சு, வாயெல்லாம் அடைச்சுத்தான் கொடுக்கணும். உள்ளே அமிலம் புகுந்து தங்கினா, ஆறு மாசத்துல உள்ளேருந்து துரு வெளியே எட்டிப் பார்க்கும்.

பழைய குரோமை உப்பு அமிலத்துல கழட்டுவாங்க. நிக்கலை, கரண்டைத் திருப்பி விட்டுக் கழட்டுவாங்க. அதுக்கப்புறம் வர்ற பஃபிங்தான் நிஜமான வேலை. முலாம் எதையும் மறைக்காது, துருப் பிடிச்ச குழி குழியாவே மினுங்கும். அதனால இரும்பைத் தேய்க்கணும், செம்பு ஏத்தணும், செம்பைத் தேய்க்கணும், குழி நிரம்புற வரைக்கும் திரும்பவும் ஏத்தணும். இதுல அவசரக்காரங்க கையில மாட்டினா போச்சு. வேறொரு பட்டறையில என் நண்பரோட பிரேக் லீவரைத் தேய்ச்ச தேய்ப்புல விளிம்பெல்லாம் கரைஞ்சு, குளிச்சுக் குளிச்சுத் தேய்ஞ்ச சோப்புக்கட்டி மாதிரி திரும்பி வந்தது. பளபளன்னுதான் இருந்தது, ஆனா அது ஜாவா லீவர் இல்லை. துருவைக்கூடப் பொறுத்துக்கலாம், இதுக்கு மருந்தே கிடையாது.

எல்லாத்துக்கும் குரோம் போடவும் கூடாது. முலாம் தொட்டியில ஹைட்ரஜன் கிளம்பும், அது கடினமான எஃகுக்குள்ள புகுந்து நொறுங்க வெச்சுடும். ஸ்பிரிங், ஸ்போக்ஸ், ஆக்ஸில் மாதிரி உயிரைத் தாங்குற சாமான்களை அழகுக்காகத் தொட்டியில போடறது வீண் விளையாட்டு. போட்டே ஆகணும்னா, உடனே அடுப்புல 200 டிகிரி பக்கத்துல மணிக்கணக்கா வெச்சு ஹைட்ரஜனை வெளியேத்தணும். நம்ம பட்டறைகள்ல அந்த அடுப்பைத் தேடிப் பாருங்க... :-)

அண்ணனோட விரல்கள்ல சின்னச் சின்ன வட்டமா தழும்புகள் இருக்கு. குரோம் புண். ஆறாங்கட்ட குரோமியம் கீறல்ல பட்டா ஆழமா அரிச்சுடும். தொட்டியில கொடுக்கிற கரண்டுல அஞ்சுல ஒரு பங்குகூட குரோம் ஏத்தப் போகாது, மீதி ஹைட்ரஜன் குமிழிதான். அந்தக் குமிழி வெடிக்கும்போது அமிலம் மூடுபனி மாதிரி எழும்பும். அதைச் சுவாசிச்சவங்களுக்கு மூக்கு நடுச்சுவர்ல ஓட்டை விழும். நுரையீரல் புற்றுநோயும் வரும். 1990லயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை முதல் வகையில சேர்த்தாச்சு.

இது நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும்ங்கறதுதான் வயித்தெரிச்சல். ஸ்காட்லாந்துல, கிளாஸ்கோ பக்கத்துல ரதர்க்ளென்ல ஜே. அண்ட் ஜே. ஒயிட்னு ஒரு குரோமேட் ஆலை. முதலாளி ஓவர்டன் பிரபு. ஞாயித்துக்கிழமை ஓய்வு நாளைக் காப்பாத்தணும்னு ஊரெல்லாம் பிரச்சாரம் பண்ணின பக்திமான். அவரோட ஆலையில ஞாயித்துக்கிழமையும் வேலை! தொழிலாளிங்க மூக்கு அரிச்சு, கையில குழி விழுந்து கிடந்தாங்க. 1899ல கெயர் ஹார்டி துண்டுப் பிரசுரம் போட்டு மானத்தை வாங்கினார். ஆலை 1967ல மூடினது. கொட்டின கழிவு இந்த நூற்றாண்டுலயும் அந்த ஊருக்குத் தலைவலி.

கிளாஸ்கோவை விடுங்க. நம்ம ராணிப்பேட்டைக்கு வாங்க. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1970களின் நடுவுலேருந்து 1990களின் நடுவு வரைக்கும் ஓடுச்சு. சோடியம் டைகுரோமேட்டும், தோல் பதனிடற குரோம் உப்பும் செஞ்சாங்க. ஆலை மூடினப்புறம் ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல கழிவு மலையா நின்னுச்சு. மழை பெஞ்சா மஞ்சளா தண்ணி ஓடும். 2006ல பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகத்துல மிக மோசமா மாசுபட்ட பத்து இடங்கள் பட்டியல்ல ராணிப்பேட்டை இருந்தது. அங்கே பெரிய கிராக்கி தோலுக்குத்தான், முலாமுக்கு இல்லை. ஆனா முலாம் தொட்டிக்குப் போற குரோமிக் அமிலமும் டைகுரோமேட்லேருந்துதான் பிறக்குது. என் டேங்குல மினுங்குறதும் அந்தக் குடும்பம்தான். இதை மறைச்சு வெச்சுட்டுப் பளபளப்பைப் பத்தி மட்டும் எழுத எனக்குக் கூச்சமா இருக்கு.

ஐரோப்பாவில 2017 செப்டம்பர்லேருந்து தனி அனுமதி இல்லாம இந்த அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. கலிபோர்னியா 2023ல விதி போட்டு, அழகுக்காகப் போடுற ஆறாங்கட்ட குரோமை 2027லேருந்து படிப்படியா நிறுத்தச் சொல்லியாச்சு. மாற்று, மூணாங்கட்ட குரோமியம். 1970கள்லயே வந்துடுச்சு. விஷம் ரொம்பக் குறைச்சல். ஆனா நிறம் துளி மங்கல். பழைய வண்டிக்காரங்க அந்தத் துளியைத்தான் பிடிச்சுத் தொங்குறாங்க. அண்ணன்கிட்ட கேட்டேன்.

"போடலாம் தம்பி. தொட்டி மாத்தணும், தண்ணி சுத்தமா இருக்கணும், லேசா அழுக்கு சேர்ந்தாலும் கோச்சுக்கும். என் பையன் இந்தத் தொழிலுக்கு வந்தா மாத்தியிருப்பேன். அவன் வரலை. வராததும் நல்லதுதான்."

அதுக்கு மேல நான் கேக்கலை.

கடைசியில நான் எடுத்த முடிவு இது. டேங்கும், ரெண்டு சைலன்ஸரும், ரிம்மும் மட்டும் பட்டறைக்கு. ஹேண்டில்பார்ல அங்கங்கே புள்ளிதான், மேட்டோட்டமா ஒரு செப்புக் கம்பியும் எண்ணெயும் வெச்சுத் தேய்ச்சதுல முக்கால்வாசி போயிடுச்சு, அது 1960கள்ல மைசூர்ல போட்ட முலாமாவே இருந்துட்டுப் போகட்டும். லீவரும் அப்படியே. புதுக் குரோமும் பழைய குரோமும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறதைப் பார்த்துட்டு ஒரு நண்பர், "ஏன்யா, காசு பத்தலையா?"ன்னார். டேங்க் வந்தாச்சு. அண்ணன் சொன்ன நாளைவிட மூணு வாரம் தாமதம். அடைப்பை எடுத்து உள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்தேன், துரு இல்லை. தங்கக் கோடு போட ஆள் தேடிட்டிருக்கேன். கையால கோடு இழுக்கிறவங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, ஸ்டிக்கர் வேண்டாம்.