கோட்டையுள் ஓர் இல்லம்

கட்டடமொன்றின் புறமும் அகமும் எஞ்ஞான்றும் ஒரு பொருளையே உணர்த்துவன அல்ல. மதில் அச்சத்தின் விளைவு. முற்றமும் விறாந்தையும் வாழ்க்கையின் விளைவு. இவ்விரண்டும் ஒருங்கமைந்த கட்டடமொன்று வாழைச்சேனைக்குத் தெற்கே, மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் உளது.

போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் அங்கே கோட்டை எழுப்பினர். பத்தாண்டு சென்றபின், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு நட்புக்கொண்ட ஒல்லாந்தர், கடற்படைத் தலைவன் வெஸ்டர்வோல்டின் கீழ் வந்து, 1638 மே 18இல் அதனைக் கைப்பற்றினர். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர் கவர்ந்த முதற்கோட்டை இதுவே. 1795இல் இஃது ஆங்கிலேயர் வசமாயிற்று.

கோட்டையின் நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் உள. இரு பக்கங்களை வாவியும், ஏனைய இரு பக்கங்களை அகழியும் காத்தன. இயற்கை அளித்த அரணைச் செயற்கை நிறைவுசெய்தது என்க. ஆயின், தடித்த மதிலைக் கடந்து உட்புகின், தூண்கள் தாங்கும் விறாந்தைகளைக் காண்கிறோம். வெயிலைத் தடுத்துக் காற்றை வரவேற்கும் இவ்வமைப்புப் போருக்கு உரியதன்று. வெப்பநாட்டில் வாழ்வதற்கு உரியது.

இதற்கு மறுதலையான சான்றொன்று இங்கிலாந்தில் உளது. சுரொப்சயர் நாட்டுப்புறத்தில், லட்லோ ஊர் லோறன்ஸ் என்னும் கம்பளி வணிகன் 13ஆம் நூற்றாண்டில் ஸ்டோக்சே என்னும் கல்மனையைக் கட்டினான். அதற்கு அரண் அமைக்க 1291இல் முதலாம் எட்வேட் மன்னன் உரிமை வழங்கினான். எனினும், அம்மனையின் பெருங்கூடத்து நெடிய யன்னல்கள் முற்றுகையைத் தாங்கத்தக்கன அல்ல. அது கோட்டைக் கோலம் பூண்ட இல்லம். நம்மதோ இல்லத்தை உட்கொண்ட கோட்டை.

அந்நியர் எழுப்பியதாதலின் அது நமக்குரியதன்று என்பாரும் உளர். அவர் தம் வீட்டை நோக்குக. விறாந்தை, யன்னல், அலுமாரி, மேசை, சாவி என்பன யாவும் போர்த்துக்கேய மொழிவழி வந்த சொற்களே. கோட்டையை இழந்தோர் தந்த சொற்களால் நாம் நம் வீட்டை இன்றும் பெயரிட்டழைக்கிறோம். இச்சொற்களை விலக்காத நாம், அக்கல்லை மட்டும் விலக்குதல் பொருந்துமோ? மேலும், அக்கோட்டையுள் நெடுங்காலம் கச்சேரி இயங்கியது. காணிக்கும் நீதிக்கும் அதன் வாயிலைக் கடந்த குடிமக்களின் வரலாறும் அக்கட்டடத்தின் வரலாறேயாம்.

ஆதலின், பழுதுபார்க்கும்போது பழைய சுவர் எது, புதிய சுவர் எது என்பதை அளந்து, வரைந்து, பதிந்து வைத்தல் வேண்டும். அங்ஙனம் செய்யாவிடிற் கல் எஞ்சும். அது கூறும் வரலாறு எஞ்சாது.