மழை நாளில் லெவன்ட் சுரங்கம்

இங்கிலாந்தில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது, கேம்பர்வேன் எடுத்துக் கார்ன்வால் கடற்கரைப் பக்கம் போனால், மழை என்று வண்டிக்குள்ளேயே முடங்கிவிடாதீர்கள். பெண்டீன் ஊர் அருகே, கடலை ஒட்டிய பாறை விளிம்பில் லெவன்ட் சுரங்கம் இருக்கிறது. செம்பும் வெள்ளீயமும் தேடிக் கடலுக்கு அடியிலேயே ஒரு மைலுக்கு மேல் தோண்டியிருக்கிறார்கள்.

முதலில் ஆட்கள் ஏறி இறங்க ஏணிதான். 1857-இல் 'மேன் எஞ்சின்' வந்தது. நம் லிஃப்ட் மாதிரி பெட்டி கிடையாது. நீளமான மரத்தண்டு ஒன்று நீராவியால் 12 அடி ஏறும், 12 அடி இறங்கும். தண்டிலும் படிகள், குழியின் பக்கவாட்டிலும் படிகள். தண்டு ஏறி நிற்கும் நொடியில் பக்கத்துப் படிக்கு மாறி, அது இறங்கி வந்ததும் மறுபடி தண்டில் கால் வைக்க வேண்டும். இருட்டில், வேலை முடிந்த களைப்போடு! லிஃப்ட் பராமரிப்புக் கட்டணத்துக்கு நாம் முணுமுணுப்பது நினைவுக்கு வருகிறது.

1919 அக்டோபர் 20 பிற்பகல். நூற்றுக்கும் மேற்பட்டோர் மேலே வந்துகொண்டிருந்தபோது, தண்டை எஞ்சினோடு இணைத்த இரும்பு உடைந்தது. 31 பேர் இறந்தார்கள். மேன் எஞ்சினை மீண்டும் பொருத்தவில்லை. ஆழமான தளங்களைக் கைவிட்டார்கள். 1930-இல் சுரங்கமே மூடப்பட்டது.

இன்று நேஷனல் டிரஸ்ட் அதைப் பாதுகாக்கிறது. தொழிலாளர்கள் உடை மாற்றிய இடத்திலிருந்து சுழற்படியில் இறங்கினால் அந்தக் குழியைப் பார்க்கலாம். வழுக்காத செருப்பு போட்டுப் போங்கள்.