கழட்டி மாட்டுற எஞ்சின்

முன்னெல்லாம் எங்க பக்கம் ஒரே ஆயில் எஞ்சின் மூணு கிணத்துக்குப் போகும். மாட்டு வண்டியில ஏத்தி இந்தக் கிணத்து மேட்டுல நாலு நாள், அடுத்ததுல நாலு நாள். கரன்ட் மோட்டார் வந்ததும் அந்தப் பழக்கம் போச்சு. டவுன்ல வளந்தவங்க பாத்திருக்க மாட்டீங்க. அமெரிக்காவுல சாதாரணக் குடும்பம் லீவு நாள்ல படகு ஓட்டிப் போக வழி திறந்ததும் இதே யோசனைதான். எஞ்சினைப் படகுக்குள்ள புதைக்காம, பின்பலகையில மாட்டிக்கிறது, வேலை முடிஞ்சா கழட்டிக்கிறது.

இதை ஊரறிய ஆக்கினவர் ஓலே எவின்ரூட். 1877-ல நார்வேயில பொறந்து, சின்னப் பையனா விஸ்கான்சினுக்கு வந்த விவசாயி மகன். ஏரிக்கரையில இவர் மனசுக்குப் பிடிச்ச பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாங்களாம். இவர் துடுப்புப் போட்டுப் போய் வாங்கிட்டு வர்றதுக்குள்ள அது உருகிப் போச்சாம். கதை கொஞ்சம் ஜோடனையா இருக்கலாம். ஆனா 1909-ல அவர் விக்க ஆரம்பிச்ச மோட்டார் நிஜம். ஒன்றரை குதிரைத் திறன், எடை சுமார் 28 கிலோ. அரை மூட்டை நெல்லை விடக் கம்மி. இவருக்குச் சில வருஷம் முன்னாடியே கேமரன் வாட்டர்மேன்ங்கிறவர் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு வித்திருக்கார், அதையும் சொல்லணும். எவின்ரூட்டை ஜெயிக்க வச்சதுல பெஸ்ஸுக்குப் பெரிய பங்கு. விளம்பரம் எழுதினது, கணக்கு வழக்குப் பாத்தது எல்லாம் அந்தம்மாதான். பின்னாடி அலுமினியம் போட்டு இன்னும் லேசா ஒரு மோட்டார் செஞ்சு, 1921-ல எல்டோங்கிற பேர்ல கொண்டு வந்தாங்க.

இதுல சூட்சுமம் எடை மட்டும் இல்லை. மோட்டாரையே திருப்பினா படகு திரும்பும், தனியா சுக்கான் வேண்டாம். ஆழம் கம்மியான இடத்துல மோட்டாரைச் சாய்ச்சுத் தூக்கிட்டா, விசிறி தரையில இடிக்காம கரை வரைக்கும் வந்துடலாம். படகுக்குள்ள இடமும் மிச்சம். காலையில மீன் பிடிக்க, மத்தியானம் குழந்தைகளை ஏத்திட்டுச் சுத்த, சாயங்காலம் வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டு வீட்டுக்கு வர, எல்லாத்துக்கும் ஒரே படகு.

மோட்டார் சரி, படகு? தட்டையான அடி இருந்தா ஆடாம நிக்கும், ஆனா அலையில தடதடன்னு அடிக்கும். கூரான அடி அலையை வெட்டிட்டுப் போகும், ஆனா நிறுத்தி வச்சா உருளும். குடும்பம்னா ஒருத்தர் திடீர்னு எந்திரிப்பார், ஒரு குழந்தை ஓரத்துல எட்டிப் பாக்கும். அங்கதான் உயிர் விஷயம். 1958-ல ரிச்சர்ட் ஃபிஷர், ரே ஹன்ட் ரெண்டு பேரும் சேந்து 13 அடியில பாஸ்டன் வேலர்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அடியில ரெண்டு ஓரமும் நடுவுலயும் முதுகு மாதிரி வச்சதால கவுறாம நிக்கும். ரெண்டு ஃபைபர் ஓட்டுக்கு நடுவுல நுரை அடைச்சிருக்கும், அதனால தண்ணி நிறைஞ்சாலும் மூழ்காது. 1961-ல லைஃப் பத்திரிகைக்காக ஃபிஷர் தண்ணியில உக்காந்துட்டே படகை ரெண்டா அறுக்க வச்சார். அப்புறம் மோட்டார் இருந்த பாதியை ஓட்டிட்டுப் போனார். விளம்பரம்தான், ஆனா பொய் இல்லாத விளம்பரம். அலை பெருசா இருந்தா அந்தப் படகு தூக்கிப் போடும்ங்கிற குறையும் உண்டு.

நம்ம நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகுல மாட்டியிருக்கிறதும் இந்த வம்சத்து மோட்டார்தான். ஆனா அது பொழப்புக்கு, ஓட்டுறவங்க கடலைத் தெரிஞ்சவங்க.

குடும்பத்துக்குச் சின்னப் படகு எடுக்கிறவங்க குதிரைத் திறனை மட்டும் பாத்து மயங்கக் கூடாதுன்னு எனக்குத் தோணுது. பெரிய மோட்டார் பின்பக்கத்தை அமுக்கிடும், அலை பின்னாலயே ஏறி உள்ள வந்துடும். அமெரிக்காவுல 1971-ல படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுக்கப்புறம் இந்த மாதிரிச் சின்ன மோட்டார் படகுல எத்தனை எடை, எவ்வளவு பெரிய மோட்டார்னு ஒரு தகடு அடிச்சே விக்கணும்னு ஆச்சு. அந்த எடைக் கணக்குல ஆளுங்க மட்டுமில்ல, மோட்டாரு, சாப்பாட்டுக் கூடை, பெட்ரோல் டப்பா எல்லாம் சேத்தி.